சபரிமலைக்கு மாலை போட்ட ஸ்பைடர்மேன்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எங்கள் ஊர் கேரளாவில் இருந்தாலும் காமிக்ஸ் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் வரும். இரும்புக்கை மாயாவி என்றால் ஒரு புத்தகம், ஒரு கதை. மின்சாரத்தைத் தொட்டார், மறைந்தார், வில்லனைப் பிடித்தார், முடிந்தது. அப்படி வளர்ந்தவனிடம் ஷார்ஜாவிலிருந்து வந்த மாமா ஒரு பழைய இதழைக் கொடுத்தார். அமேசிங் ஸ்பைடர்மேன் 252. அட்டை பாதி கிழிசல், நடுப்பக்கத்தில் கோடாலித் தைலம் கொட்டிய கறை.

உள்ளே ஸ்பைடர்மேன் கறுப்பு உடையில்! நெஞ்சில் பெரிய வெள்ளைச் சிலந்தி. சிவப்பும் நீலமும் எங்கே மாமா என்றேன். "சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான்டா."

பல வருஷம் கழித்து, ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் கம்பெனியின் சீக்ரெட் வார்ஸைப் போனில் படித்தபோதுதான் விடை கிடைத்தது. பல நாயகர்கள் சேர்ந்து வரும் 12 இதழ்த் தொடர். வேற்றுக் கிரகச் சண்டையில் உடை கிழிந்துபோக, எட்டாவது இதழில் ஓர் இயந்திரத்திலிருந்து கறுப்பு உருண்டை வந்து உடம்பெல்லாம் பரவுகிறது. வேடிக்கை என்னவென்றால், 252 வந்தது 1984 மே தேதியிட்டு. இந்த எட்டாவது இதழ் அதே வருஷம் டிசம்பர். நியூயார்க்கில் ஒன்றுவிடாமல் வாங்கியவனும் மாதக்கணக்கில் என்னைப்போல முழித்திருக்கிறான்! அதுவரை என் மண்டைதான் மந்தம் என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் எல்லா இதழையும் வரிசையாகப் படித்தே தீரணும் என்பதை விட்டேன். 2006-இல் தொடங்கிய சிவில் வாரில், அதாவது மார்வெல் நாயகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதும் கதையில், மையக் கதை ஏழே இதழ். அதையொட்டி மற்ற இதழ்களில் ஓடும் கிளைக்கதைகளில் ஸ்பைடர்மேனுடையதை மட்டும் எடுத்தேன், முகமூடியைக் கழற்றுபவன் அவன்தானே. மற்றதெல்லாம் கல்யாண வீட்டுத் தூரத்துச் சொந்தம்; கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

செங்கோட்டைப் பொண்ணு:

அண்ணா, நான் மார்வெலின் போட்டிக் கம்பெனியான டிசி கட்சி. ஒரே நாயகனுக்குப் பூமிக்கொரு வடிவம் என்று ஆகிப்போன பல பூமிக் குழப்பத்தைத் தீர்க்க 1985-இல் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் என்று 12 இதழ் போட்டார்களே, அதன் எட்டாவதைக் கொல்லம் ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன். மின்னல்வேக நாயகன் ஃப்ளாஷ், அதாவது பாரி ஆலன், ஓடுகிறார், ஓடுகிறார்... பகவதிபுரம் தாண்டியதும் குகை. சிக்னல் போச்சு. போனில் பாதிப் பக்கம், அதன் கீழே சுற்றிக்கொண்டே ஒரு வட்டம். வெளிச்சத்துக்கு வந்து பக்கம் திறந்தபோது ஆள் போயாச்சு.

கண்ணீர் நிற்கவில்லை. எதிர் சீட்டுச் சேச்சி பதறிப்போய், "எந்து பற்றி மோளே?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். செத்தவர் 1985-லேயே செத்தார், 2008-இல் திரும்பியும் வந்துவிட்டார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலைவலி என்றேன்.