லெகசி பாஸ்பரஸுக்கு தமிழ்ல 'தேங்கிய மணிச்சத்து' சரி வருமா?

எல்லாருக்கும் வணக்கம், மூணாறுல இருந்து எழுதறேன்.

'லெகசி பாஸ்பரஸ்'ங்கிற ஆங்கிலச் சொல்லுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்னு நம்ம குழுவுல பேச்சு நடக்குது, அதுக்குப் போன மடல்ல ஒரு ஐயா சொன்ன 'மரபு மணிச்சத்து' எனக்கு ஒத்து வரல. மரபுன்னாலே ஜீன், பாரம்பரிய விதைன்னுதான் மனசு போகும். இங்க பேச்சு பழைய உரத்தைப் பத்தி, பயிர் எடுத்தது போக மண்ணுலயே நின்னுட்டது.

புல்தரைல இது ரொம்ப முக்கியம். நம்ம மலை செம்மண்ணு அமில மண்ணு, அதுல இருக்கிற இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும், தழைச்சத்து மாதிரி மழைல கரைஞ்சு போயிடாது, புல்தரைய உழுது பெரட்டறதும் கெடையாது, அதனால வருஷா வருஷம் 20-20 (தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த உரம்) போடப் போட மணிச்சத்து மேல் மண்ணுலயே சேந்துட்டே வருது. போவா அனுவாங்கிற களைப்புல்லுக்கு வேரும் மேலாக்கதான், விதை விழுந்து முளைக்கறதும் அங்கயேதான். முளைக்கற பருவத்துலதான் மணிச்சத்து ரொம்பத் தேவை, அது கைக்கெட்டுற தூரத்துலயே கெடக்கு. ஒட்ட வெட்டினாலும் தரையோட தரையா கதிர் விட்டு விதை கொட்டிடும். அமெரிக்கால புல்தரை ஆராய்ச்சியாளர் ராய் காஸ் குழு, 'பென்ட்'ங்கிற வகைப் புல் வளத்த தரைல செஞ்ச சோதனை 1975ல வெளிவந்துச்சு, அதுலயும் மணிச்சத்து போட்ட பாத்திகள்ல இந்தக் களை கூடுதல்.

'உபரி மணிச்சத்து'ன்னு வச்சா அளவு மட்டும்தான் தெரியுது. 'தேங்கு'ன்னா நகராம நின்னு சேந்ததுன்னு காரணமும் சேந்து வருது. சுருக்கமா 'தேங்குமணி'ன்னு வைக்கலாமா?

*

பாலக்காட்டுல இருந்து:

தம்பி, தேங்குமணி வேணாம்ப்பா. எங்க பக்கம் தெங்குன்னா தென்னை, படிக்கறவங்க தேங்காய் சம்பந்தமான ஏதோன்னு நெனச்சுடுவாங்க. 'தேங்கிய மணிச்சத்து' நீளம்தான், ஆனா உரக்கடைல சொன்னாலும் புரியும், என் ஓட்டு அதுக்கே.

ஒண்ணு மட்டும் பிரிச்சு எழுதணும். மண் பரிசோதனை அட்டைல வர்ற 'கிடைக்கும் மணிச்சத்து' வேற, அது வேர் இப்ப எடுக்கக்கூடியது. தேங்கினதுங்கிறது அதுக்குப் பின்னாடி இருக்கிற இருப்பு, இந்த இருப்பு கரையக் கரைய கிடைக்கும் மணிச்சத்து நிரம்பும். அதனாலதான் உரத்தை நிறுத்தின மறு வருஷமே களை குறையலன்னு யாரும் பதறக்கூடாது. வெட்டின புல்லை அங்கயே விடாம அள்ளி வெளிய போட்டா இருப்பு கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். அட்டைல 'அதிகம்'னு வந்தா புல்தரைக்காரங்க சந்தோஷப்படறாங்க, பழைய தரைல மணிச்சத்தை நிறுத்தச் சொல்ற சேதி அது. புதுசா விதைக்கற தரைக்கு மட்டும் இதைச் சொல்லிடாதீங்க, மண்ணுல கொறைவா இருந்தா நம்ம புல் நாத்துக்கும் அது வேணும். விளக்கக் குறிப்புல இந்த வித்தியாசமும் வரட்டும்.