ரைபிள்ஸ் பேண்டோட 140 நடை: இது இசையா, வெறும் வேகமா?

மாலைநேரம்:
லண்டன் ஹார்ஸ் கார்ட்ஸ் பரேட் மைதானத்துல பிரிட்டிஷ் ராணுவத்தோட ரைபிள்ஸ் ரெஜிமென்ட் நடத்துன சவுண்டிங் ரிட்ரீட்ங்கிற மாலை இசை அணிவகுப்பு வீடியோவ நம்ம குரூப்ல போட்டேன், உடனே ரெண்டு மூணு பேர் "இது பேண்ட் இல்ல, ஓட்டம், கடற்படையோட ராயல் மரீன்ஸ் பேண்ட பாருங்க"ன்னு எழுதிட்டாங்க. எனக்கு இதுல சொல்றதுக்கு நிறைய இருக்கு, அதான் தனியா ஆரம்பிக்கிறேன்.

பக்கிங்ஹாம் அரண்மனை வாசல்ல நிக்கிற கார்ட்ஸ் ரெஜிமென்ட்டுங்க நிமிஷத்துக்கு 116 அடி வைப்பாங்க. மத்த காலாட்படையும் 120 பக்கம்தான். ரைபிள்ஸ் மட்டும் 140. கடைசியில டபுள்னு ஒண்ணு வரும், அது 180, வாத்தியத்த வாய்ல வச்சு ஊதிக்கிட்டே ஓடுறது. இத ஏதோ கூட்டத்த அசத்த கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைக்காதீங்க. 1800-ல கூட் மானிங்ஹாம்ங்கிற ராணுவ அதிகாரி சோதனை முயற்சியா ஒரு ரைபிள் படை ஆரம்பிச்சாரு, அதுதான் பின்னாடி 95-வது ரைபிள்ஸ். 1803-லேர்ந்து இங்கிலாந்துல ஷார்ன்கிளிஃப் முகாம்ல தளபதி சர் ஜான் மூர் லைட் இன்ஃபன்ட்ரிக்கு, அதாவது வேகமா நகர்ற காலாட்படைக்கு, பயிற்சி கொடுத்தாரு. மத்த படை சிவப்பு கோட்டோட வரிசையா தோளோட தோள் ஒட்டி நின்னு சுட்ட காலத்துல இவங்க பச்ச சட்ட போட்டுக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு, மரம் மேடு பாத்து பதுங்கி, முன்னாடி போய் சண்ட போட்டவங்க. அப்படி சிதறிக் கிடக்கிறவங்களுக்கு அதிகாரி கத்துறது கேக்காது, தோள்ல மாட்டிட்டு ஓட டிரம்மும் சரிப்படாது. அதனால முன்னேறு, நில்லு, சுடு, திரும்பி வா எல்லாத்தையும் பியூகிள்ங்கிற சின்ன ஊதுகொம்புதான் சொல்லுச்சு. அவங்க தொப்பி பேட்ஜே பியூகிள்தான். அந்த வேகத்தையும் பியூகிளையும் எடுத்துட்டா அங்க ரைபிள்ஸ்னு ஒண்ணு மிச்சம் இருக்காது.

ட்ரம்பெட்_தாஸ்:
நண்பா, வரலாறு எல்லாம் ஒத்துக்கிறேன், அழகா எழுதியிருக்கீங்க. ஆனா நான் இருபது வருஷத்துக்கு மேல ட்ரம்பெட் வாசிக்கிறவன், எனக்கு காதுதான் முக்கியம்.

116-ல ஒரு பீட்டுக்கு அரை செகண்டுக்கு மேலயே நேரம் இருக்கு. 140-ல அது 0.43 செகண்ட். பேண்ட் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவுல 20 மீட்டர்னு வச்சுக்குங்க, சத்தம் அத கடக்க 0.06 செகண்ட் ஆகும், அதாவது 140-ல ஒரு பீட்ல ஏழுல ஒரு பங்கு. காத நம்பி வாசிச்சா கண்டிப்பா கலையும். அத விடுங்க, ஒவ்வொரு அடி விழும்போதும் மவுத்பீஸ் உதட்டுல இடிக்கும், நீளமா ஒரு ஸ்வரத்த பிடிக்க முடியாது, யூஃபோனியம், ட்யூபா மாதிரி கனமான ஊது வாத்தியங்க ஒரு வரிய முழுசா பாடி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். கேக்கிறவனுக்கு மேல உள்ள கூர்மையான சத்தமும் டிரம்மும் மட்டும்தான் மிஞ்சும்.

பியூகிள்ல வால்வு கிடையாது. வழக்கமான அழைப்பு எல்லாத்துக்கும் அஞ்சே அஞ்சு சத்தம், நம்ம கணக்குல ஸ ப ஸ க ப, ஆக மொத்தம் மூணு ஸ்வரம். அந்த மூணு ஸ்வரத்த வச்சு ராயல் மரீன்ஸ் என்ன பண்றாங்கன்னு கேளுங்க. சாயங்காலம் கொடி இறக்கும்போது ஊதுற சன்செட் அழைப்ப பியூகிள்காரங்க ஊதுவாங்க, அதுக்கு அடியில முழு பேண்டும் மெதுவா ஹார்மனி கொடுக்கும், ஏ.சி.கிரீன்ங்கிற மரீன்ஸ் பேண்ட் அதிகாரி அமைச்சது. அங்க அந்த மூணு ஸ்வரமும் நிறம் மாறி மாறி கேக்கும். இசைன்னா எனக்கு அது.

இன்னொண்ணு. "ராணுவ பேண்ட ராணுவ கண்ணோட பாருங்க"ன்னு சொல்லாதீங்க. 1854-ல கிரிமியா போர் சமயத்துல துருக்கியில இருக்கிற ஸ்கூட்டாரியில ராணி பிறந்தநாள் அணிவகுப்புல எல்லா பேண்டும் சேர்ந்து தேசிய கீதம் வாசிக்கப் போய் ஆளுக்கொரு சுருதியில வாசிச்சு மானம் போச்சு, அதுக்கப்புறம்தான் 1857-ல நெல்லர் ஹால்ல ராணுவ இசைக்குன்னே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. சுருதி முக்கியம்னு அந்த ராணுவமே முடிவு பண்ண விஷயம் இது.

மாலைநேரம்:
தாஸ் அண்ணா, அந்த 0.06 கணக்கு சரி, ஆனா அதுதான் எனக்கு அவங்க மேல மதிப்ப கூட்டுது. அவங்க காத நம்பி வாசிக்கலையே, காலை நம்பி வாசிக்கிறாங்க. அத்தன பேரும் இடது கால் விழுற இடத்துல பீட்ட வைக்கிறாங்க, பக்கத்துல வர்ற சத்தம் லேட்டா வந்தாலும் அசைய மாட்டாங்க. இது எவ்ளோ பயிற்சின்னு வாசிக்கிற உங்களுக்கு தெரியாததா?

ரைபிள்ஸ்ல பேண்டும் பியூகிளும் தனித்தனி. பேண்ட்ல இருக்கவங்க ராயல் கார்ப்ஸ் ஆஃப் ஆர்மி மியூசிக்ல முழுநேர இசைக்காரங்க. பியூகிள் ஊதுறவங்க பட்டாலியன்ல துப்பாக்கி தூக்குற ரைபிள்மேன்ங்க, அதோட சேர்த்து இதையும் கத்துக்கிட்டவங்க. அப்படிப்பட்டவங்க வரிசையா நின்னு வால்வு இல்லாத செப்புக் குழாய்ல, உதட்ட மட்டும் வச்சு, ஒரே சுருதியில ஒரே நேரத்துல நாக்க தட்டி ஊதுறாங்க. மூணு ஸ்வரம்தான் இருக்குன்னா பாட்டு எங்க இருக்கும்? லயத்துலதான். கஞ்சிராவுல எத்தன ஸ்வரம் இருக்குன்னு யாரும் கேக்கிறதில்லையே. மெதுவான ஹார்மனிய மட்டும் இசைன்னு சொன்னா பாதி உலகத்து இசைய வெளிய தள்ளிடுவோம்.

ஈஸ்ட்ஹாம்_குமரன்:
நான் லண்டனிலதான் இருக்கிறன், ஹார்ஸ் கார்ட்ஸில இப்பிடியான நிகழ்ச்சி பாத்தும் இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் சுருதி, லயம் எண்டு கதைக்கிறீங்கள், அந்தப் பியூகிள் எங்கெங்க ஊதினது எண்டு ஒருத்தரும் கதைக்கேல்ல. 1857 மே மாசம் மீரட்டில கிளர்ச்சி வெடிக்கேக்க அங்க நிண்டது 60-வது ரைபிள்ஸ். பிறகு டெல்லிய முற்றுகையிட்டு செப்டம்பரில பிடிச்ச படையிலயும் அவங்கள் இருந்தவங்கள். அந்த 60-வதும் 95-வதும் பிறகு ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ் ஆகி, 2007-ல வேற ரெஜிமென்ட்டுகளோட சேர்ந்து இப்ப ரைபிள்ஸ். அதே பரம்பரை, அதே பச்சைச் சட்டை. டெல்லி விழுந்த பிறகு அந்த நகரத்துச் சனம் என்ன பாடு பட்டது எண்டு வாசிச்சுப் பாருங்கோ. உந்த இசை நல்லாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை, அது நல்லா இருக்கிறதால பாக்கிற சனம் அதுக்குப் பின்னால இருக்கிறத மறந்துபோகுது. எனக்கு 140 எண்டாலும் ஒண்டுதான், 116 எண்டாலும் ஒண்டுதான்.

பழையபட்டாளம்:
தம்பி குமரன், நீங்க சொன்ன டெல்லி விஷயம் உண்மை, மறுக்கல. ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. அந்த டெல்லி மேட்டுல, ஹிந்து ராவ் வீட்டு பக்கம், 60-வது ரைபிள்ஸோட கூட நின்னு சண்ட போட்டது சிர்மூர் பட்டாலியன் கூர்க்காக்கள். அந்த நட்புல அவங்களுக்கு ரைபிள்ஸ்ங்கிற அந்தஸ்தும், 60-வதோட சீருடையில இருந்த சிவப்பு ஓரமும் கிடைச்சுது. அந்த ரைபிள் மரபு இன்னிக்கி நம்ம இந்திய ராணுவத்துலயே இருக்கு, கூர்க்கா ரைபிள்ஸ், கார்வால் ரைபிள்ஸ்னு. நான் சர்வீஸ்ல இருந்தப்ப தினம் காலைல எழுந்தது பியூகிள் சத்தத்துக்குத்தான். ஜனவரி 29 டெல்லி விஜய் சவுக்குல நாம நடத்துற பீட்டிங் ரிட்ரீட்டும் இதே வேர்லேர்ந்து வந்ததுதான். அந்நியன் கொண்டாந்தான்னு பியூகிளை தூக்கி எறியணும்னா எங்க ஆளுங்க ஊதுனத எல்லாம் என்னன்னு சொல்வீங்க?

அப்புறம் பேண்ட்காரன்னா அலங்காரம்னு ஒரு எண்ணம் எல்லார்கிட்டயும் இருக்கு. சண்டன்னு வந்தா அவன் வாத்தியத்த வச்சுட்டு ஸ்ட்ரெச்சர் தூக்குவான், காயம்பட்டவன தூக்கிட்டு வருவான். 1982 ஜூலை 20, லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்ல ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ் பேண்ட் பொதுஜனத்துக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தப்ப மேடைக்கு அடியில ஐ.ஆர்.ஏ.ங்கிற அயர்லாந்து ஆயுதக் குழு வச்ச குண்டு வெடிச்சு 7 பேர் செத்தாங்க. 1989 செப்டம்பர் 22, இங்கிலாந்துல டீல்ங்கிற ஊர்ல ராயல் மரீன்ஸ் இசைப்பள்ளியில அதே ஐ.ஆர்.ஏ. குண்டுக்கு 11 பேர். கையில ஆயுதமே இல்லாத ஆளுங்க. அவங்கள பேசும்போது கொஞ்சம் பாத்து பேசணும் தம்பி.

ஈஸ்ட்ஹாம்_குமரன்:
ஐயா, செத்த பேண்ட்காரரைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாச் சொல்லேல்ல, அது கொடுமை. நான் சொல்லுறது காட்சியப் பற்றி. பெல்ஜியத்தில ஈப்பர் நகரத்தில மெனின் கேட் எண்டு ஒரு நினைவு வளைவு இருக்கு. முதலாம் உலகப்போரில உடம்பும் கிடைக்காமல் போன 54,000-க்கு மேற்பட்ட ஆக்களின்ர பெயர் அதில, இந்தியச் சிப்பாய்களின்ர பெயரும் இருக்கு. 1928-ல இருந்து பின்னேரம் 8 மணிக்கு அங்க லாஸ்ட் போஸ்ட் எண்ட பியூகிள் அழைப்ப ஊதுறவங்கள், இரண்டாம் உலகப்போரில ஜெர்மன்காரன் பிடிச்சு வச்சிருந்த காலத்தில அங்க நிண்டுபோய் இங்கிலாந்தில தொடர்ந்து ஊதினவங்கள். ஊதுறது ராணுவம் இல்லை, உள்ளூர் தீயணைப்புப் படையின்ர ஆக்கள். ஓட்டமும் இல்லை, வாளும் இல்லை, கைதட்டும் இல்லை. பியூகிளுக்கு உரிய இடம் எண்டு நான் நினைக்கிறது அது.

ட்ரம்பெட்_தாஸ்:
குமரன் சொன்னது என் பக்கம்தான் வருது. லாஸ்ட் போஸ்ட்ல அந்த மேல் ப-வ பிடிச்சு நிறுத்துறாங்களே, அதுக்கு மூச்சு வேணும், நின்ன இடம் வேணும். 180-ல ஓடுறவன்கிட்ட அது கிடையாது.

மாலைநேரம்:
ஆனா லாஸ்ட் போஸ்ட்டும் ஒரு வேலை அழைப்புதான் அண்ணா. ராத்திரி காவல் அதிகாரி எல்லா காவலையும் சுத்திப் பாத்து முடிச்சுட்டாருன்னு முகாமுக்கு சொல்றது, பின்னாடிதான் சாவுக்கு ஊதுறதாச்சு. அத ஊதுறதும் முன்னேறுன்னு ஊதுறதும் அதே பியூகிள்தான், ரெண்டையும் ஒரே ஆள் ஊதணும். குமரன், நீங்க கேட்ட டெல்லிக்கு என்கிட்ட சமாதானம் இல்ல, இருக்கவும் கூடாது, அந்த ரெஜிமென்ட் பேர சொல்லும்போது அதையும் சேர்த்து சொல்லணும்னு ஒத்துக்கிறேன். ஆனா இன்னிக்கி அந்த வரிசையில நிக்கிற பத்தொன்பது வயசு பையன் ஊதுறத கேக்கும்போது அவன் எப்படி ஊதுறான்னும் கேக்கணும்ல.

தாஸ் அண்ணா, ஒரு வேண்டுகோள். அந்த வீடியோவுலயே பியூகிள்காரங்க அசையாம நின்னு சன்செட் ஊதுற இடம் இருக்கு. வேகமா நடந்து களைச்ச அதே உதடு. அத மட்டும் ஹெட்போன் போட்டு கேட்டுட்டு சொல்லுங்க.

ட்ரம்பெட்_தாஸ்:
கேட்டேன். ரெண்டு தடவ. சுருதி சுத்தமா நிக்குது, ரெண்டாவது வரி முடிவுல ஒருத்தர் லேசா கீழ போறாரு, உடனே சரி பண்ணிக்கிறாரு. அந்த உதட்டோட இப்படி ஊதுறது பெரிய விஷயம், அத மனசார சொல்றேன். 140-ம் எனக்கு பரவாயில்லன்னு வச்சுக்குவோம். ஆனா 180-ல வாத்தியத்த வாய்ல வச்சுக்கிட்டு ஓடுறது உடற்பயிற்சி, அதுல என் கருத்து மாறல. நாளைக்கி அந்த டபுள் பகுதிய மட்டும் பாதி வேகத்துல போட்டு எந்தெந்த ஸ்வரம் விழாம போகுதுன்னு எழுதிப் போடுறேன், நீங்களும் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.