ஐப்பசி மழைக்கு ஊர் மரத்தோட்டத்தில் என்னென்ன வேலை, எந்த வரிசையில்?

புளியரை_மேற்கு கேட்டது:

வணக்கம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் மூன்றரை ஏக்கர் பொது நிலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து மரத்தோட்டம் வளர்க்கிறோம். தோப்பு மாதிரி ஒரே மரமாக இல்லை. இனத்துக்கு இரண்டு மூன்று மரம், பெயர்த்தகட்டோடு, பிள்ளைகள் வந்து பார்த்துப் படிக்கிற மாதிரி. இப்போது 46 இனம், 110 மரம் நிற்கிறது. இந்த ஐப்பசியில் இன்னும் 60 கன்று வைக்க வேண்டும். மேட்டுப்பக்கம் செம்மண். வயலை ஒட்டிய கீழ்ப்பக்கம் களி, மழைக்குத் தண்ணீர் கட்டும். போன மழைக்கு வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு பட்டுப்போனது, பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை 12 முதல் 15 பேர் வருவார்கள். கன்றை எப்போது, எப்படி வைப்பது? ஆணி அடித்து மாட்டிய தகடுகளைப் பட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கு என்ன மாற்று? நடுகிற வேலை முடிந்ததும் தன்னார்வலர்கள் கலைந்துவிடாமல் இருக்க வேறு என்ன வேலை கொடுக்கலாம்?

---

கடப்பாரை பதில்:

அண்ணாச்சி, முதலில் காலம். நம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கிறதே என்று அப்போதே கன்று வைக்கிறவர்கள் உண்டு. அது சரிவராது. சாரல் மேல் மண்ணைத்தான் நனைக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு ஆவணி, புரட்டாசி வெயில் இருக்கிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்கிறோமே, அந்த மழைதான் ஆழம் வரை இறங்கும். இப்போது வைத்தால் பங்குனி வெயிலுக்கு முன் வேர் கீழே போக நாலைந்து மாதம் கிடைக்கிறது. கார்த்திகை பாதிக்கு மேல் வைப்பதைத் தவிருங்கள். அந்த நாலைந்து மாதத்தில் ஒரு மாதம் குறைந்தாலும் கோடையில் குடம் சுமக்க வேண்டி வரும்.

முதல் மழை விழுந்ததும் ஓடாதீர்கள். இரண்டு மூன்று நல்ல மழை ஆனபின் மண்வெட்டியால் ஒரு அடி தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் வைக்கலாம், உதிர்ந்தால் இன்னும் ஒரு மழைக்குக் காத்திருங்கள். சேறாக ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம், மிதித்தால் களி இறுகிவிடும்.

குழி இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழம் இரண்டு அடி. மேல் ஒரு அடி மண் ஒரு பக்கம், அடிமண் மறு பக்கம். மேல்மண்ணோடு 5 முதல் 8 கிலோ நன்றாக மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து அதை முதலில் போட வேண்டும். மக்காத சாணி போட்டால் கரையானும் வண்டுப்புழுவும் வந்து வேரைத் தின்னும். களிமண்ணில் மண்வெட்டி பட்ட குழிச்சுவர் மெழுகினது மாதிரி வழவழப்பாக இருக்கும். கடப்பாரை நுனியால் அதைக் கீறிவிடுங்கள். இல்லையென்றால் வேர் வெளியே போக வழி தெரியாமல் தொட்டிக்குள் சுற்றுவதுபோல் குழிக்குள்ளேயே சுற்றும்.

பையைக் கிழித்ததும் அடியில் பாருங்கள். நாற்றங்காலில் அதிக நாள் கிடந்த கன்றில் வேர் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். பாவம் என்று விட்டால் ஐந்தாறு வருடம் கழித்துத் தன் வேரே தன் கழுத்தை நெரிக்கும். நிறைய பேர் தவறுகிற இன்னொரு இடம் ஆழம். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். தண்டை மூடி இரண்டு அங்குலம் மண் ஏற்றினால் அடித்தண்டு அழுகும். புதிதாக நிரப்பிய குழி மழைக்கு அமுங்கும், அதனால் குழி மண்ணை ஒரு கையகலம் மேடாக்கி அதன்மேல் வையுங்கள்.

காப்புக்குச்சியைக் கன்று வைக்கும் முன்பே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். ஆனியில் காற்று மேற்கே இருந்து வரும், எனவே குச்சி மேற்குப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் காற்றுக்குக் கன்று குச்சியை விட்டு விலகிச் சாயும், உரசாது. தேங்காய்நார்க் கயிறு அல்லது பழைய வேட்டித் துணியால் எட்டுப் போட்டுக் கட்டுங்கள். நைலான் வேண்டவே வேண்டாம். கட்டு கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் போதும். தலை ஆடினால்தான் தண்டு பருக்கும். அடுத்த ஐப்பசியில் குச்சியை எடுத்துவிடலாம்.

கீழ்ப்பக்கத்துக்கு ஒரு சோதனை: குழி நிறையத் தண்ணீர் விட்டு மறுநாள் அதே நேரம் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் அங்கே வேம்பு, தேக்கு, சந்தனம் மூன்றும் ஆகாது. நீர்மருது, நாவல், புங்கம், நீர்க்கடம்பு தாங்கும். இனங்களின் பட்டியலை நிலத்துக்குத் தகுந்தபடி மாற்றுங்கள், பட்டியலுக்காக நிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சந்தனம் பற்றி ஒரு வார்த்தை. அது பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் மரம். மேட்டில் வைத்தாலும் குழி ஓரத்தில் துவரை இரண்டு விதை போடாவிட்டால் வெளிறி நின்றுவிடும்.

---

இலஞ்ஞிப்பூ பதில்:

நான் கேரளத்து ஆரியங்காவு பக்கம். தகடும் பதிவேடும் பற்றிச் சொல்கிறேன். மரத்தோட்டத்தையும் வெறும் தோப்பையும் பிரிப்பதே இந்த இரண்டும்தான். எந்த மரம், எங்கிருந்து வந்தது, எப்போது வைத்தது என்று எழுதி இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அது நிழல் மட்டும்தான்.

பட்டை விழுங்கிய ஆணியைத் தோண்டி எடுக்காதீர்கள், காயம் பெரிதாகும். தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, ‘இந்த மரத்தில் தரையிலிருந்து இத்தனை அடியில் ஆணி உண்டு’ என்று பதிவேட்டில் எழுதுங்கள். பின்னாளில் ரம்பம் பிடிக்கிறவர் கைக்கு அது காப்பு. புதிய தகட்டுக்கு மெல்லிய அலுமினியத் துண்டு போதும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து தகட்டிலேயே பள்ளமாக விழும். பெயின்ட் எழுத்து போல வெயிலுக்கும் மழைக்கும் மங்காது. பெரிய மரத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளையமாகப் போட்டு இரு முனையையும் ஒரு சுருள்வில்லில் மாட்டுங்கள். மரம் பருக்கப் பருக்க வில் விரியும். ஆனாலும் தை மாதம் தோறும் ஒருமுறை தளர்த்த வேண்டும். கன்றில் எதையும் கட்டாதீர்கள், தகடு பக்கத்தில் ஊன்றிய ஒரு முளைக்குச்சியில் இருக்கட்டும்.

எண் ‘2025-014’ என்பது போல, வைத்த வருடமும் வரிசையும். மரம் பட்டுப்போனாலும் அந்த எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்கக் கூடாது. ‘பட்டது, காரணம்: நீர் தேக்கம்’ என்று எழுதி வைத்தால் அதுவே அடுத்த வருடத்துப் பாடம். இடத்தைக் குறிக்க கைப்பேசியின் ஜிபிஎஸ் போதாது. மரத்தடியில் பல மீட்டர் தவறும், பக்கத்து மரம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கும். இரண்டு எல்லைக்கல்லைத் தேர்ந்து, இரண்டிலிருந்தும் நாடா பிடித்த தூரத்தை எழுதினால் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

பெயரில்தான் நம் எல்லையில் பெரிய குழப்பம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. இன்றும் கன்று இந்தப் பக்கத்திலிருந்தும் வரும், அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். மலையாளத்தில் ‘பால’ என்றால் ஏழிலைப்பாலை. தமிழில் வெறும் ‘பாலை’ என்று எழுதினால் அது உலக்கைப்பாலையா, வெட்பாலையா, குடசப்பாலையா, ஏழிலைப்பாலையா? நான்கும் வேறு வேறு மரம். ‘மருது’ என்று நாற்றங்காலில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் பூமருதைத் தரலாம், நீங்கள் நினைத்தது நீர்மருதாக இருக்கும். எங்கள் இலஞ்ஞிதான் உங்கள் மகிழம். அதனால் தகட்டில் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், தாவரவியல் பெயர் மூன்றும் வேண்டும். தாவரவியல் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். தகட்டில் ஏறிய தவறை இறக்குவது கஷ்டம்.

முடிந்தால் ஒரு நாள் எல்லோரும் கேரளத்தில் ‘பாலோடு’ என்ற ஊருக்குப் போய் வாருங்கள். 1979 இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் அங்கே, செங்கோட்டை திருவனந்தபுரம் சாலையிலேயே இருக்கிறது. அங்கே மரங்களை எப்படிக் குடும்பம் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிக் கேள்வி தீரும்.

---

ஞாயிறு_ஏழுமணி பதில்:

ஆள் கணக்கைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் போடுங்கள். கார்த்திகை 1 பிறந்ததும் மாலை போட்டவர்கள் ஒரு பக்கம், ஆட்டோ, வேன், கடை, ஓட்டல் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் என்று பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். அச்சன்கோவில், ஆரியங்காவு, சபரிமலை எல்லாம் நம் சாலை வழியாகத்தான். பிசான (மழைக்கால நெல்) நடவுக்கும் ஆட்கள் வயலில் இறங்கியிருப்பார்கள். ஆக ஐப்பசி ஞாயிறுகளில்தான் நடவை முடிக்க வேண்டும். குழிகளைப் புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள். மூன்று பேர் கொண்ட நான்கு குழு, குழுவுக்கு ஒரு காலையில் 4 கன்று என்றால் 16. அறுபதுக்கு நான்கு ஞாயிறு. தீபாவளி வருகிற வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு குழுவில் ஒருவராவது போன வருடம் வைத்தவராக இருக்க வேண்டும்.

காலை 7 மணிக்குத் தொடங்கி 11க்குள் முடியுங்கள். ஐப்பசியில் இடி பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். இலைக்குவியலில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கம்பால் கிளறிப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், காலில் பூட்ஸ் கட்டாயம். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி நேரே அரசு மருத்துவமனைக்கு.

கார்த்திகை, மார்கழிக்குக் குறைந்த ஆளால் செய்கிற வேலை நிறைய இருக்கிறது. ஒன்று, சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடா பிடிக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவை பிரிந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக எழுதுங்கள். மழையில் ஊறிய பட்டை உப்பியிருக்கும், ஆகவே வருடா வருடம் ஒரே மாதத்தில், மழை விட்ட இரண்டு மூன்று நாள் கழித்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். நாடாவை ஒரே ஆள் பிடிப்பது இன்னும் நல்லது.

இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு மரம், வாரம் ஒருமுறை. தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று எழுத வேண்டும். கேரளப் பள்ளிகளில் சீசன்வாட்ச் என்ற பெயரில் இது நடக்கிறது, நம் மரங்களையும் அதில் பதியலாம். இப்போது தொடங்கினால் ஏழிலைப்பாலை பூக்கிற நேரம். அந்தியில் வாசனையே ஆளைக் கூப்பிடும், பிள்ளைகளுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை.

கவாத்து, அதாவது கிளை கழிப்பது மட்டும் மழையில் செய்யாதீர்கள். வெட்டுக்காயம் ஆறுவதற்குள் பூசணம் ஏறும். முறிந்து தொங்கும் கிளையைத் தவிர மற்றதைத் தையில் பார்க்கலாம். ஏறி வெட்டும் வேலை தன்னார்வலருக்கு இல்லை, பழகிய மரம் ஏறிகளை வரவழையுங்கள்.

---

புளியரை_மேற்கு:

மூவருக்கும் நன்றி. கீழ்ப்பக்கம் இரண்டு குழியில் நேற்றே தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இன்று காலை ஒரு சாண் நிற்கிறது. அங்கே இலுப்பை வைக்க ஆசை. இலைச்சருகு மூடாக்கு போட்டால் உதவுமா?

---

கடப்பாரை:

ஒரு சாண் நிற்கிறதென்றால் குழியே வேண்டாம் அண்ணாச்சி. அதை மூடிவிட்டு நாலு அடி அகலத்தில் ஒன்றரை அடி உயர மேடு போட்டு, மேட்டின் மேல் வையுங்கள். மேட்டைச் சுற்றி வயல் பக்கம் சரியும்படி ஒரு அடி அகல வாய்க்கால் வேண்டும். மூடாக்கு களிமண் பக்கம் இப்போது வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் மூன்று நான்கு அங்குலம் போடுங்கள், தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விட்டு. செம்மண் பக்கம் நட்ட அன்றே போடலாம். சருகின் அடியில் கரையான் மண் தெரிந்தால் கிளறிவிட்டு அந்த வாரம் திறந்தே விடுங்கள்.