ஒரே 737, ஒவ்வொரு தடவையும் வேறு சீட்: பினாங்குக்குப் போகும் அம்மாவுக்கு எதை நம்பி சீட் வாங்குவது?

செந்தூல் மகள்:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் உதவி செய்யுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பினாங்கில் நடந்தது. தங்கை பட்டர்வொர்த்தில் இருப்பதால் அங்கேயே செய்தோம். இப்போது கோலாலம்பூர் செந்தூலில் என்னோடு இருக்கிறார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டப் போக வேண்டும். முதல் தடவை காரில் கூட்டிப் போனேன். தாப்பா தாண்டுவதற்குள் வலி தாங்காமல் கண் கலங்கிவிட்டார். ரயிலிலும் ஏறக்குறைய நாலு மணி நேரம். அதனால்தான் விமானம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

இதுவரை மூன்று தடவை விமானம் ஏறியாகிவிட்டது. ஒரே நிறுவனம், டிக்கெட்டிலும் ஒவ்வொரு தடவையும் போயிங் 737-800 என்றுதான் போட்டிருந்தது. உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

முதல் தடவை புது சீட், மெலிசான முதுகு, போன் சார்ஜ் போட யுஎஸ்பி. எகானமியின் முதல் வரிசை 4. முன்னால் யாரும் இல்லை, அம்மா நிம்மதியாக வந்தார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை 45 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கட்டி 4 டி வாங்கினேன். அன்றைக்குக் கவுண்டரில் கைக்கு வந்த போர்டிங் பாஸில் 9 இ. நடு சீட்! கேட்டால், "விமானம் மாறிவிட்டது, இந்த விமானத்தில் நாலாவது வரிசை பிசினஸ்" என்றார்கள். அது பழைய விமானம். முன் சீட்டுப் பையில் செருகியிருந்த புத்தகங்கள் அம்மாவின் முழங்காலில் அழுத்திக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், அப்போதும் காலை நீட்ட இடமில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையால் முட்டியை அழுத்திப் பிடித்தபடியே வந்தார். பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸில் இறங்கும்போது ஒரு பணிப்பெண் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் எழுப்ப முடிந்தது.

சரி, பணம் போனால் போகட்டும் என்று மூன்றாவது தடவை 190 வெள்ளி கட்டி பிசினஸுக்கு மாற்றினேன். இணையத்தில் காட்டிய படத்தில் காலைத் தாங்கும் பலகை இருந்தது. நேரில் அது பாதியிலேயே சிக்கி நின்றது. கைப்பிடியும் தூக்க முடியாத வகை. இரண்டு பேர் சேர்ந்துதான் அம்மாவை எழுப்பினோம்.

வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் மறுபடி போகிறோம். எந்த விமானம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? அம்மாவுக்கு உண்மையில் எந்த சீட் நல்லது? அந்த 45 வெள்ளியையும் நான் விட்டுவிட வேண்டியதுதானா?

இன்னொன்று. சக்கர நாற்காலி கேட்டுத்தான் பதிவு செய்தேன். ஆனாலும் ஒரு தடவை பஸ்ஸில் கொண்டுபோய் ஏணியடியில் இறக்கிவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு படியாக உட்காராத குறையாக ஏறினார்.

பாயான் பாரு தம்பி:

அக்கா, வேலை விஷயமாக வாரா வாரம் இந்த வழியில் போகிறவன் நான். நீங்கள் பார்த்தது உண்மைதான். டிக்கெட்டில் இருக்கும் 738 என்ற குறியீடு விமானத்தின் வகையைத்தான் சொல்லும், உள்ளே என்ன சீட் என்று சொல்லாது. அதற்கு விமானத்தின் பதிவு எண் வேண்டும். மலேசிய விமானம் எல்லாவற்றுக்கும் 9எம் என்று தொடங்கும், பின்னால் மூன்று எழுத்து. வால் பக்கம் எழுதியிருப்பார்கள்.

விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், போன ஏழு நாளில் எந்தெந்தப் பதிவு எண் அந்தப் பயணத்துக்கு வந்தது என்று இலவசமாகவே காட்டும். ஏழு நாளும் குறித்து வைத்தால் போக்கு பிடிபட்டுவிடும். அப்புறம் புறப்படும் முந்தின நாள் இரவு மறுபடி பாருங்கள். காலையின் முதல் விமானம் என்றால் இன்னும் நல்லது. இரவு வந்து தங்கும் விமானம்தான் பெரும்பாலும் காலையில் கிளம்பும், நாள் முழுக்கச் சேரும் தாமதமும் அதில் இருக்காது. மதியம் மாலை என்றால் கடைசி நிமிடம் வரை மாறலாம்.

ஏரோலோபா என்ற தளத்தில் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை விமானத்துக்கு எத்தனை சீட் அமைப்பு உண்டோ அத்தனையும் தனித்தனியாக வரைந்திருப்பார்கள், ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது உட்பட. நிறுவனத்தின் சொந்தப் படத்தை விட நான் அதைத்தான் நம்புகிறேன்.

அக்கா, சுபாங் விமான நிலையத்திலிருந்து போகலாமே? செந்தூலிலிருந்து கேஎல்ஐஏ பெரிய விமான நிலையத்தை விட அது பக்கம். விசிறி வைத்த சின்ன விமானம், ஏடிஆர் 72, இரண்டு இரண்டாக சீட், நடு சீட் என்பதே கிடையாது.

சுபாங் பழைய கை:

தம்பி சொன்ன பதிவு எண் விஷயம் சரி. ஏடிஆர் யோசனையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்குப் பயணிகள் கதவு பின்பக்கம், படிக்கட்டு கதவோடு சேர்ந்தே இருக்கும். சில படிகள்தான், ஆனால் ஏறியே ஆக வேண்டும், கட்டடத்திலிருந்து நேராக நடந்து ஏறும் ஏரோபிரிட்ஜ் பொதுவாக அதற்குப் போட மாட்டார்கள். முழங்கால் மடங்காதவருக்கு அது வேண்டாம்.

தங்கச்சி, முப்பது வருஷம் பராமரிப்புக் கூடத்தில் வேலை செய்தவன் நான். ஏன் இப்படி என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். விமானத் தரையில் நீளவாக்கில் தண்டவாளம் மாதிரி உலோகப் பட்டை ஓடும். அதில் ஒரு அங்குலத்துக்கு ஒரு துளை. சீட்டின் கால்கள் அந்தத் துளைகளில்தான் பூட்டும். ஆக, ஒரு வரிசையை ஒரு அங்குலம் முன்னே பின்னே நகர்த்துவது ஸ்பேனர் வேலைதான். சிரமம் மற்றதில்தான் இருக்கிறது. தலைக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடியும் விளக்கும் காற்றுத் துளையும் உள்ள பெட்டி வரிசைக்கு நேராக நகர வேண்டும், வரிசை எண் மாற வேண்டும், எடைக் கணக்கு திருத்த வேண்டும். இதற்கெல்லாம் ஒப்புதல் பெற்ற வரைபடம் உண்டு, லோபா என்போம். ஜன்னல் மட்டும் நகராது. 737-இல் ஜன்னல்களுக்கு நடுவே உடலைத் தாங்கும் உலோகச் சட்டம் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 20 அங்குலம், சீட்டுக்குச் சீட்டு 30 அங்குலம் பக்கம். சிலர் ஜன்னல் சீட் வாங்கிச் சுவரைப் பார்த்து உட்காருவது அதனால்தான்.

புது சீட் மாட்டுவதற்கென்றே ஒரு விமானத்தை நிறுத்திவைப்பது பெருத்த நஷ்டம். அதனால் பெரிய பராமரிப்புக்கு உள்ளே வரும்போதுதான் மாற்றுவார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் முடிய வருஷக்கணக்கு ஆகும். கோவிட்டுக்குப் பிறகு சீட் செய்கிற கம்பெனிகளே சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் திணறின. வேறொரு நிறுவனம் ஓட்டிய விமானத்தை வாடகைக்கு எடுத்தால் அதன் பழைய சீட்டும் கூடவே வரும். மேலே சாமான் பெட்டியைப் பாருங்கள்: வளைந்த சுவரும் கீழ்நோக்கி இறங்கும் பெரிய பெட்டியும் இருந்தால் அது ஸ்கை இன்டீரியர் என்ற புது உள்ளமைப்பு, 2010 கடைசியில் வரத் தொடங்கியது. நேராகக் கதவு தூக்கும் சின்னப் பெட்டி என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய விமானம்.

உங்கள் 4 டி போனதற்குக் காரணம் பிசினஸ் வரிசை. 12 பிசினஸ் சீட் என்றால் இரண்டு இரண்டாக மூன்று வரிசை, எகானமி 4-இல் தொடங்கும். 16 என்றால் நாலு வரிசை, எகானமி 5-இல் தொடங்கும். ஒரு விமானம் எங்கோ தாமதமானால் இன்னொன்றைப் போடுவார்கள். விமானிக்கு இரண்டும் ஒன்று, அதே உரிமம். வேலை ஓட வேண்டுமே என்று பார்க்கிறவர்களுக்கு 737-க்குப் பதில் 737, கணக்குத் தீர்ந்தது. சீட்டில் உட்காரும் ஆளை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. வேலையில் இருந்த நாளிலேயே இதை மேலே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன், அது தவறு.

கிள்ளான் தாதி:

அக்கா, எலும்பு வார்டில் வேலை செய்யும் தாதி நான். சுவர் வரிசையைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் சுவர் இருந்தால் கால் ஓர் அளவுக்கு மேல் நீளாது. அங்கே சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் கைப்பிடி தூக்க வராது. பிசினஸில் அம்மா எழ முடியாமல் தவித்ததும் அதனால்தான். அவசர வழி வரிசையில் இடம் தாராளம், ஆனால் உதவி தேவைப்படுகிறவரை அங்கே உட்கார விட மாட்டார்கள், விடவும் கூடாது.

இடது கால் என்றீர்களே, அதுதான் முக்கியம். விமானத்தில் முன்னோக்கி உட்கார்ந்தால் ஏ, பி, சி இடப்பக்கம். டி, இ, எஃப் வலப்பக்கம். டி-யில் உட்கார்ந்தால் நடைபாதை அம்மாவின் இடது கைப்பக்கம் வரும், இடது காலை அந்தப் பக்கம் சாய்த்து நீட்டலாம். சி வாங்கினால் நல்ல கால்தான் நீளும். ஏறும்போதும் இறங்கும்போதும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வண்டி தள்ளி வரும்போதும் கவனம்.

அப்புறம் நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி. பலர் அது நிலையானது என்று நினைக்கிறார்கள். நிறைய சீட்டுகளில் கைப்பிடியின் அடியில், பின்னால் மூட்டுப் பக்கம், விரலால் தடவினால் ஒரு சின்னப் பொத்தானோ நெம்புகோலோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். அம்மா முதலில் நடைபாதையைப் பார்த்து விளிம்பில் உட்காரட்டும், பிறகு திரும்பி வலது காலை உள்ளே வைக்கட்டும், இடது கால் கடைசியில். எழும்போது அப்படியே தலைகீழாக. பொத்தான் கிடைக்கவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், அவர்களுக்கு எந்தெந்த சீட் தூக்க வரும் என்று தெரியும்.

பறக்கும் நேரம் முழுக்க கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும்.

லிட்டில் இந்தியா டிக்கெட் கடை:

வணக்கம் அக்கா. பினாங்கில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். ஏணி விஷயத்தை முதலில் சரி செய்யுங்கள். சக்கர நாற்காலியில் மூன்று வகை உண்டு. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் சீட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இணையத்தில் "சக்கர நாற்காலி" என்று மட்டும் அழுத்தினால் முதல் வகையில் விழ வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். 48 மணி நேரத்துக்கு முன்பே போன் செய்து, "படி ஏற மாட்டார், எஸ் வகையாக மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். அப்போது ஏணி வைக்கும் இடமாக இருந்தாலும் தூக்கி ஏற்றும் வண்டி ஏற்பாடு செய்வார்கள்.

45 வெள்ளியை விடாதீர்கள். சீட்டுக்குக் கட்டும் பணத்துக்குத் தனி ரசீது உண்டு, இஎம்டி என்பார்கள், 13 இலக்க எண். மின்னஞ்சலில் தேடினால் இருக்கும். அந்த எண்ணையும் 9 இ போர்டிங் பாஸ் படத்தையும் வைத்து எழுதுங்கள். "வேறு சீட் கொடுத்தார்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. "காசு கட்டிய வகை சீட்டுக்குப் பதிலாக நடு சீட்டுக்கு உங்கள் தரப்பிலேயே மாற்றினீர்கள், இந்த இஎம்டியைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதுங்கள். பிசினஸுக்கும் தனியாக எழுதலாம், பலகை சிக்கியதற்குப் படம் இருந்தால். முதலில் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். அவர்கள் 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இடம் போகலாம். முன்பு மாவ்கோம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையம் பார்த்த புகார்களை 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

செந்தூல் மகள்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை முதல் விமானத்துக்கு மாற்றினேன். ஏழு நாள் பதிவு எண்ணைக் குறித்தேன்: ஐந்து நாள் புது சீட் விமானம், இரண்டு நாள் பழசு. சுவர் வரிசையை விட்டுவிட்டு 8 டி எடுத்தேன். எந்த அமைப்பு வந்தாலும் எட்டாவது வரிசை எகானமியாகவே இருக்கும், டி நடைபாதையாகவே இருக்கும் என்று சுபாங் அண்ணன் சொன்ன கணக்கை வைத்துத்தான். புதன் இரவு பதினொரு மணிக்குப் பார்த்தேன், பழைய விமானம்தான் வந்து நின்றது. மனசு திக்கென்றது. ஆனால் காலையில் போர்டிங் பாஸில் 8 டி அப்படியே இருந்தது.

எஸ் வகை என்று போனில் மாற்றச் சொன்னபோது எடுத்தவர் உடனே புரிந்துகொண்டார். ஏணி எதுவும் இல்லை, நேராக வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள்.

உள்ளே கைப்பிடியின் அடியில் தடவினேன், முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். அழுத்தித் தூக்கியதும் மேலே போனது. அம்மா தானாகவே உட்கார்ந்து, தாதி சொன்ன மாதிரியே வலது காலை முதலில் வைத்தார். பினாங்கில் இறங்கும்போது என் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

45 வெள்ளிக்கு இஎம்டி எண்ணோடு எழுதிப் பதினொரு நாள் ஆகிறது, கிடைத்தது என்று ஒரு பதில் வந்திருக்கிறது. 30 நாள் ஆனதும் இங்கேயே வந்து சொல்கிறேன்.