“எங்கட சனம்” எண்டு சொன்னா அது ஜனரஞ்சகவாதமா?

வாவிமகள்:
அரசறிவியல் இறுதியாண்டு ஆய்வு. 2024 பொதுத்தேர்தல்ல தேசிய மக்கள் சக்தி முதலிடம் வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. பக்கத்துத் திகாமடுல்லயில (அம்பாறைப் பக்கத்துத் தேர்தல் மாவட்டம்) அந்தக் கட்சி 7க்கு 4 ஆசனம் எடுத்திச்சு. ரெண்டு மாவட்டத்துப் பேச்சுகளிலயும் ஜனரஞ்சகவாதத்த (populism) அளக்கணும். சனநாயகத்த அளக்கிற வி-டெம் (V-Dem) சுட்டெண்ணோட ஒப்பிடலாமா?

எழுவான்கரை:
ஏலாது தங்கச்சி. வி-டெம் நாட்டளவுத் தரவு, மாவட்டத்துக்குத் தனிப் பெறுமானம் இல்ல. ஒப்பிடுறதுக்குத் தேர்தல் முடிவு தொகுதிவாரியா இருக்கு, மட்டக்களப்பு மாவட்டத்தில மூண்டு: கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு. தபால் வாக்கு தனியா வரும், அத விட்டாக் கூட்டுத்தொகை பிழைக்கும். முடிவுப் பட்டியல்ல அம்பாறை எண்டு எடுத்தாத் தொகுதிதான் வரும். மாவட்டத்துக்குத் திகாமடுல்ல.

சம்மாந்துறையான்:
முதல்ல சொல்லுக்குள்ளயே ஒரு பொறி இருக்கு. ஜனரஞ்சகம் எண்டவுடன உரமானியம், அரிசி வாக்குறுதியெல்லாம் உள்ள வந்திடும். அரசறிவியலாளர் காஸ் முட்டே 2004ல தந்த வரைவிலக்கணம் அதில்ல: தூய மக்கள் ஒரு பக்கம், ஊழல் மேட்டுக்குடி மறுபக்கம்.

நம்ம பக்கத்துச் சிக்கல் “எங்கட சனம்”. மேல இருக்கிறவனுக்கு எதிராச் சொன்னா அது ஜனரஞ்சகவாதம். பக்கத்து ஊர்ச் சமூகத்துக்கு எதிராச் சொன்னா அது இனத்தேசியவாதம். ஒரே பேச்சில ரெண்டும் வரும், ஆகவே புள்ளி போடுற அட்டவணையில ரெண்டுக்கும் தனித்தனி நிரல் போடுங்க. இல்லாட்டிக் கிழக்கில இருக்கிற கட்சியெல்லாம் ஜனரஞ்சகக் கட்சியாத்தான் முடியும், வைவாவில (வாய்மொழித் தேர்வில) முதல் கேள்வியே அதுதான்.

தாளங்குடா:
பேச்சில எந்தச் சொல் எத்தினை தரம் வருது எண்டு மென்பொருளால எண்ணாதீங்க. “மக்கள்” கட்சிப் பேரிலயே கிடக்கு, மென்பொருள் அதையும் எண்ணிடும். அரசறிவியலாளர் கேர்க் ஹோக்கின்ஸ்ட முறையில முழுப் பேச்சையும் வாசிச்சு 0இலிருந்து 2 வரை புள்ளி போடுறது. ரெண்டு பேர், கலந்து பேசாமப் போடணும். ரெண்டு பேர்ட புள்ளியும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்டு காட்டுற கிரிப்பென்டோர்ஃப் அல்ஃபா 0.8 வந்தா நல்லம். 0.667க்குக் கீழ போனாக் புள்ளி போடுற விதியத் திருத்தித் திரும்பப் போடுங்க. பத்துப் பேச்சில பழகிட்டு நாற்பது எடுத்தா இளமாணி ஆய்வுக்குக் காணும்.

ஹன்சாட் (நாடாளுமன்றப் பேச்சுப் பதிவு) பேசின மொழியிலேயே அச்சாகும். திகாமடுல்லச் சிங்கள உறுப்பினர்களையும் எடுக்கிறதெண்டாச் சிங்களம் வாசிக்கிற ஆள் வேணும். தமிழ்ப் பேச்சு மட்டும் எண்டா அத ஆய்வுத் தலைப்பிலேயே சொல்லிடுங்க.

வாவிமகள்:
ரெண்டு நிரல், விளங்கிட்டுது. முகநூல் நேரலை மேடைப் பேச்சையும் ஹன்சாட்டோட சேர்க்கலாமா?

தாளங்குடா:
சேர்த்துப் புள்ளி போடாதீங்க. மேடை வாக்குக் கேக்கிற இடம், சபை வெண்டவங்கட இடம். கலந்தா வித்தியாசம் மாவட்டத்தால வந்ததா மேடையால வந்ததா எண்டு பிரிக்கேலாது. நேரலைய இண்டைக்கே இறக்கி, திகதியோட வையுங்க. தேர்தல் முடிஞ்சாப் பக்கத்தையே அழிச்சிடுவாங்க.