ஒரே காலையில் ஆறு கிலோ மல்பெரி: நீங்கள் என்ன செய்தீர்கள்?

உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் சொந்தக்காரர் கொடுத்த மல்பெரிக் குச்சி ஒன்றைக் கொல்லையில் ஊன்றி வைத்தேன். அவர் தோட்டத்தில் புழுவுக்காகத் தண்டோடு அறுத்துவிடுவார்கள், பழம் கண்ணில் படுவதே அபூர்வம். எங்கள் வீட்டில் அறுக்க ஆளில்லை, மரமாகிவிட்டது.

இந்தத் தை மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து மிச்ச இலையையும் உருவிவிட்டேன். புதுத் துளிரோடு காய் பிடித்து, பங்குனியில் மரமே கறுத்து நின்றது. அடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை லேசாக உலுக்கினால் போதும், கனிந்தது மட்டும் விழும். மல்பெரி பறித்த பிறகு பழுக்காது, அதனால் இதுதான் சரியான வழி.

பிழை அப்புறம்தான் நடந்தது. ஆறு கிலோவையும் ஒரே வாளியில் கொட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் அடியில் சாறு தேங்கி, புளித்த வாடை, சுற்றிலும் ஈ. பாதிக்கு மேல் எருக்குழிக்குப் போனது.

தேறியதில் ஜாம் கிளறினேன். அது உறையவே இல்லை, ஒரு வாரம் தோசைக்கு ஊற்றிக்கொண்டோம். நன்றாகக் கனிந்த பழத்தில் புளிப்பும் குறைவு, ஜாமை இறுக்கும் பெக்டினும் குறைவு. அடுத்த பறிப்பில் கிலோவுக்கு 600 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, கூடவே ஒரு கைப்பிடி சிவப்புச் செங்காய் சேர்த்தேன். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் வேண்டாம். கரண்டியில் நின்றது!

ஓசூரிலிருந்து: அக்கா, ஜாமுக்கு முன்னால் ஃப்ரீசரை நினைத்திருக்கலாமே. அலசி, ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, அப்புறம் பையில் போடுங்கள். கட்டி தட்டாது, வேண்டிய அளவு எடுக்கலாம். காம்பு கிள்ள உட்கார்ந்தால் பொழுதே போய்விடும். நான் கிள்ளுவதில்லை. மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் காம்பும் சக்கையோடு போகிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: பையனின் வெள்ளைச் சீருடையில் கறை. சோப்புப் போட்டதும் ஊதா போய் நீலமாகிவிட்டது, பதறிப்போனேன். எலுமிச்சை பிழிந்ததும் சிவப்புக்குத் திரும்பியது. பாட்டி வந்து மல்பெரியின் பச்சைக் காயை நசுக்கித் தேய்க்கச் சொன்னார். கையில் இருந்த கறை நன்றாகவே போனது. சட்டையில் இன்னும் மங்கலாக ஒரு தடம் இருக்கிறது, விளையாட்டு நாளுக்கு மட்டும் போட்டு அனுப்புகிறேன்.

மறுபடியும் நான்: ஃப்ரீசர் யோசனைக்கு நன்றி தம்பி, நேற்று இரண்டு பை போட்டாயிற்று. உச்சிக் கிளைகளைக் குயிலுக்கும் சின்னான் குருவிக்கும் விட்டுவிட்டேன், ஏணி ஏறும் வயதில்லை. ஆனால் துணிக் கொடியை மரத்துக்குப் பக்கத்தில் கட்டியிருக்கக் கூடாது. தின்றுவிட்டு அவை எச்சமிடுவதும் ஊதாதான். கோபி அம்மா, வேட்டிக்கும் அந்தப் பச்சைக்காய் வைத்தியம் ஆகுமா?