அலியனா, சுவிஃப்ட் ஸ்போர்ட்டா? வெள்ளிக்கு முதல் முடிவு வேணும்

உப்புவெளிப் பெடியன்
வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு கார் பார்த்து வச்சிருக்கிறன். ஒண்டு டொயோட்டா அலியன் 260 (செடான்), மற்றது சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், சிவப்பு. விலை கிட்டத்தட்ட ஒண்டுதான். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்காட்டி வேற ஆளுக்குப் போயிடும் எண்டு புரோக்கர் நிக்கிறார். வீட்டில அலியன் எண்டுதான் சொல்லுவினம், மனசு மற்றதில. எதை எடுக்கலாம்? கெதியா சொல்லுங்கோ.

ஓடாத மீற்றர்
எந்த வருசம்? சுவிஃப்ட் மனுவல் கியரா ஓட்டோ கியரா? 31 மொடலா 32 மொடலா? எத்தனை பேர் ஏறுவீங்கள்? ஒண்டும் சொல்லாமல் எதைச் சொல்லுறது?

சிவப்புக் கோடு
சுவிஃப்ட். யோசிக்கவே தேவையில்லை. அலியன் ஓய்வூதியம் எடுத்த பிறகும் வாங்கலாம்.

கியர் வாத்தியார்
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, காரின் பெயர் மட்டும்தான் மாறும். தேடிப் பார்க்கும் வசதி ஒன்று இங்கே உண்டு என்பதைப் புதியவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். அதோடு "சுவிஃப்ட் ஸ்போர்ட்" என்று பின்கதவில் எழுதியிருப்பதெல்லாம் சுவிஃப்ட் ஸ்போர்ட் அல்ல. சாதாரண 1.2இல் அந்த எழுத்தையும் பம்பரையும் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். செஸி இலக்கத்தின் முன்பகுதி இசட்.சி.32 என்று இருக்கிறதா? எஞ்சின் எம்.16.ஏ தானா? பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கா, டிரம்மா? இந்த மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் பற்றிப் பேசுவது வீண்.

கிண்ணியா நானா
தம்பி, வாத்தியார் சொல்ற விதம் ஒரு மாதிரி இரிந்தாலும் விசயம் சரி. நீங்க இன்னும் கொஞ்சம் விவரம் தாங்க. தினம் எங்க ஓடுறீங்க, வீட்ல யார் யார், கார் இரவைக்கு எங்க நிக்கும்? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

உப்புவெளிப் பெடியன்
மன்னிக்கோணும், அவசரத்தில விட்டுட்டன். சுவிஃப்ட் 2013, 32தான், ஆறு கியர் மனுவல், பின்னுக்கும் டிஸ்க். அலியன் 2012, ஒண்டரை லீற்றர். வேலை கந்தளாயில, தினமும் போய் வரோணும். மாதக்கடைசியில கொழும்பு. மனைவி, ரெண்டு பிள்ளைகள் (6 வயசு, 2 வயசு), அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கார் முத்தத்திலதான் நிக்கும், கூரை இல்லை. கடல் கிட்ட.

ஓடாத மீற்றர்
அம்மா இருக்கிறா எண்டதை முதலே சொல்லியிருக்கலாம். மனைவியும் ஓடுவாவா? லைசன்ஸ் ஓட்டோ கியருக்கு மட்டும் எடுத்ததெண்டால் சுவிஃப்ட் பேச்சே முடிஞ்சுது.

அளவு நாடா
எல்லாரும் "செடான் எண்டால் இடம் கூட" எண்டு சொல்லுவினம். பாதிதான் உண்மை. ரெண்டு காருக்கும் வெளி அகலம் 1,695 மி.மீ. ஜப்பானில சின்னக் கார் வகுப்புக்குள்ள நிக்க 1.7 மீற்றர் எல்லை இருக்கு, ரெண்டும் அதுக்குள்ள வெட்டினது. அதால பின்னுக்கு மூண்டு பேர் தோளோட தோள் இருக்கிறதில பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் நீளத்தில. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் அலியனில 2,700, சுவிஃப்டில 2,430. அந்த 27 சென்ரிமீற்றரில கனக்கப் பின்சீட் முழங்காலுக்குத்தான் போகுது.

உங்கட கேசில பின்னுக்கு ஒரு குழந்தை சீட், ஒரு பூஸ்டர் (பெரிய பிள்ளையை உயர்த்தி இருத்துற சீட்), அம்மா. முதல் சோதனை காசில்லாதது: குழந்தை சீட்டையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சீட்டைச் சாரதிக்குப் பின்னால மாட்டி, உங்கட வழமையான நிலையில சாரதி சீட்டை வச்சுப் பாருங்கோ. ரெண்டு வயசுப் பிள்ளையைப் பின்னோக்கி இருத்துற சீட் எண்டால் முன்சீட்டைத் தள்ளிக்கொண்டு வரும், ஸ்டியரிங் வயித்தில முட்டும். பிறகு நடுவில பெல்ட் பூட்டுற இடத்துக்குக் கை போகுதா எண்டு பாருங்கோ. குழந்தை சீட்டும் பூஸ்டரும் பக்கத்தில பக்கத்தில வந்தால் பூட்டு ரெண்டுக்கும் இடையில புதைஞ்சிடும். அம்மா ஏறேக்க முதல் இடுப்பு உள்ள போகோணும், பிறகு கால். வாசலில பாதம் திருப்ப இடமில்லாட்டி முழங்கால் வருத்தக்காரருக்கு ஒவ்வொரு முறையும் நோகும்.

சிவப்புக் கோடு
முழங்காலை மட்டும் பார்த்தால் வேன் வாங்கச் சொல்லுங்கோ. சுவிஃப்ட் 136 குதிரை சக்தி, 1,050 கிலோ. அலியன் 109, எடையும் 100 கிலோவுக்கு மேல கூட. கந்தளாய் றோட்டில பஸ்ஸை முந்தேக்க விளங்கும்.

அளவு நாடா
தனிய ஓடேக்க சரி, ஆள் ஏறாத சுவிஃப்டுக்குத் தொன்னுக்கு 130 குதிரை. குடும்பம் ஏறி டிக்கியும் நிரம்பினால் 350 கிலோ கூடும், அப்ப தொன்னுக்கு 97. ஒராள் மட்டும் ஓடுற அலியன் 88. அதாவது நிரம்பின சுவிஃப்ட், வெறும் அலியனை விடக் கொஞ்சம்தான் மேல.

முந்துறதைப் பற்றி: நகரத்துக்கு வெளியில காருக்கு எல்லை 70. பஸ் 50இல போகுது, நீங்கள் 70இல முந்துறீங்கள். பஸ்ஸின்ர நீளம், முன்னும் பின்னும் விடுற இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீற்றர் கடக்கோணும். ஒன்பது செக்கன் எடுக்கும், அதுக்குள்ள நீங்கள் 175 மீற்றர் ஓடியிருப்பீங்கள். எதிரில 70இல வாறவனும் அதேயளவு. ஆக 350 மீற்றர் வெறும் றோட்டு தெரியோணும். குதிரை கூடினாலும் இந்தக் கணக்கு பெரிசா மாறாது, 50இலிருந்து 70க்கு ஏறுற நேரம் மட்டும்தான் குறையும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில இரவில யானை நிக்கிற றோட்டு வேற. அங்க பிரேக்கும் லைட்டும்தான் வேலை செய்யும்.

கிண்ணியா நானா
திருகோணமலை டவுனுக்குள்ள மானும் இரிக்கே, கோட்டைப் பக்கம் நடு ரோட்ல படுத்துக் கிடக்கும்.

சரி, விசயத்துக்கு வாறன். கடல் கிட்ட, கூரை இல்ல எண்டு சொன்னீங்களே, அதுதான் ரெண்டு காருக்கும் எமன். இரவைக்கு உப்புக் காத்து, விடியப் பனி, ரெண்டும் சேர்ந்தா இரும்புக்குள்ள ஊறும். எந்தக் கார் எடுத்தாலும் முதல்ல அது எங்க நிண்ட கார் எண்டு பாருங்க. டிக்கிக் கார்ப்பெட்ட தூக்கி ஸ்பெயார் சில்லுக் குழியப் பாருங்க. பின் சில்லு வளைவுட உள் விளிம்ப விரலால தடவுங்க, பொங்கின மாதிரி இரிந்தா உள்ளுக்குப் போயிட்டு. கதவுட அடியில தண்ணி வடியச் சின்ன ஓட்டை வச்சிரிக்கும், அது அடைச்சா கதவு உள்ளுக்க இருந்து உக்கும். மெல்லிய கம்பியால குத்தி விடலாம். பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏசி கண்டென்சர் மூணையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. கண்டென்சர் தகடு வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்தா அதுக்கும் காசு கழிச்சுப் பேசணும்.

வாங்கின பிறகு அடிப்பக்கம் நல்ல தண்ணியால கழுவணும். மேல மட்டும் பளபளப்பாக்கி வேல இல்ல. கண்டென்சருக்குப் பிரசர் அடிக்க வேணாம், தகடு மடியும்.

கியர் வாத்தியார்
ஜப்பானில் ஏலம் போன காரென்றால் ஏலத்தாளைக் கேளுங்கள். படத்தில் எஸ் என்று இருந்தால் துரு, சி என்றால் அரிப்பு, டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திய இடம், இரண்டு எக்ஸ் என்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது. தரத்தில் ஆர் என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. பனிக்கு உப்புத் தூவும் ஊரில் ஓடிய காரை எடுத்துக் கடற்கரையில் நிறுத்துவது எப்படியென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சி.ஆர். எனப்படும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் கிடந்தால், அது நீங்கும்வரை முழுக்காசும் கைமாறக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தால் அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் ஏற்கெனவே எழுதப்பட்டவைதான்.

பாதி அண்ணை
ரெண்டையும் விட்டுட்டு சிவிக் ஒரு லீற்றர் டர்போ பாருங்கோவன், 2018. செடானும் ஆச்சு, இழுவையும் ஆச்சு.

ஓடாத மீற்றர்
விலை ஒரே அளவில வருமா? அதோட அந்த எஞ்சினில டைமிங் பெல்ட் ஓயிலுக்குள்ள நனைஞ்சு ஓடுறது. ஹொண்டா சொன்ன 0டபிள்யூ-20 ஓயில் இல்லாமல் கையில கிடைச்சதை ஊத்தினால் பெல்ட் இறப்பர் உரியும், அந்தத் துகள் ஓயில் பம்ப் வலையை அடைக்கும். முந்தின ஆளின்ர சேர்விஸ் பில் எல்லாம் இருந்தால் மட்டும் பாருங்கோ. உவர் கேட்ட ரெண்டிலயும் டைமிங் செயின். லட்சம் கிலோமீற்றரில பெல்ட் மாத்தோணும் எண்டு புரோக்கர் விலை பேசினால் சிரிச்சுட்டு வாங்கோ.

சிவப்புக் கோடு
எதை எடுத்தாலும் 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கோணும். 92 எஞ்சினைக் கெடுக்கும், கார்பன் பிடிக்கும்.

பெற்றோல் கணக்கு
அலியனுக்கு 95 அடிக்கிறது காசை ரோட்டில ஊத்துறது. அதின்ர 1 என்.இசட் எஞ்சின் ஜப்பானின்ர சாதாரணப் பெற்றோலுக்கு வடிவமைச்சது. அங்க சாதாரணம் எண்டால் ஒக்டேன் 90 அளவு. எங்கட 92 அதை விடக் கூட. ஒக்டேன் எண்டது தட்டாமல் எரியிற அளவு மட்டும்தான், சுத்தம் செய்யிற அளவு இல்லை.

சிவப்புக் கோடு
அப்ப ஏன் 95 அடிச்சா இழுவை கூடுது?

பெற்றோல் கணக்கு
அலியனில கூடாது, மனசுக்குத்தான் கூடும். சுவிஃப்ட் ஸ்போர்ட் வேற கதை. அதுக்கு ஜப்பானில உயர் ஒக்டேன்தான் சொல்லியிருக்கு. 92 அடிச்சால் தட்டுறதை உணர்ற நொக் சென்சர் பற்றவைப்பைப் பின்னுக்குத் தள்ளும், உடனே உடையாது, ஆனால் நீங்கள் காசு குடுத்து வாங்கின இழுவை போயிடும். வெயிலில, ஏசியோட, ஏற்றத்தில தட்டுச் சத்தமும் கேட்கும். நெடும்பயணத்தில ரெண்டும் லீற்றருக்கு 14, 15 கிலோமீற்றர் அளவில ஓடும். ஆகவே எரிபொருள் வித்தியாசம் எண்டது 92க்கும் 95க்கும் இருக்கிற விலை வித்தியாசம்தான். கந்தளாய்க்குத் தினமும் எண்டால் வருசத்தில எவ்வளவு எண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கோ.

சிவப்புக் கோடு
டீலர்மார் எல்லாம் 95 எண்டுதான் சொல்லுவினம்.

கியர் வாத்தியார்
டீலர் எரிபொருள் கையேடு எழுதுபவர் அல்ல. இழை திசைமாறுகிறது.

அளவு நாடா
டயரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. சுவிஃப்ட் 195/45 ஆர் 17. பக்கச்சுவர் உயரம் 195இல 45 வீதம், கிட்டத்தட்ட 88 மி.மீ. அலியன் 185/65 ஆர் 15 எண்டால் 120 மி.மீ. மாரிக்குப் பிறகு றோட்டோரம் உடைஞ்சு பள்ளம் விழேக்க இந்த மூண்டு சென்ரிமீற்றர்தான் ரிம்மைக் காப்பாத்தும். 17ஐ விட்டு 16 அங்குல ரிம்மில 195/50 போட்டால் மொத்த விட்டம் ஒரு வீதம்தான் குறையும், பக்கச்சுவர் ஒரு சென்ரிமீற்றர் கூடும். ஆனால் முன் பிரேக் கலிப்பரில முட்டாத ரிம்மா எண்டு மாட்டிச் சுத்திப் பார்த்துத்தான் வாங்கோணும்.

ஓடாத மீற்றர்
ஓடிப் பார்க்கேக்க செய்ய வேண்டியது. ரெண்டுக்கும் எஞ்சின் குளிரா இருக்கேக்க போங்கோ. முதலே சூடாக்கி வச்சிருந்தால் வேற நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ.

அலியன்: 20க்கும் 40க்கும் இடையில மெதுவா ஏத்தேக்க உடம்பு நடுங்குதா? சிவிடி (அலியனின்ர ஓட்டோ கியர்பெட்டி) ஓயில் கறுத்து எரிஞ்ச மணம் வந்தால் விடுங்கோ. ஓயில் மாத்துறதெண்டால் டொயோட்டா சொன்ன வகைதான், வருசத்தைப் பொறுத்து டி.சி. இல்லாட்டி எஃப்.ஈ. சாதாரண கியர் ஓயில் ஊத்தினால் கியர்பெட்டி செத்தது. அஞ்சு நிமிசம் சும்மா ஓட விட்டிட்டு ஒருக்கா அக்சலரேற்றரை அமத்துங்கோ, நீலப் புகை வந்தால் ஓயில் குடிக்குது.

சுவிஃப்ட்: நாலாம் கியரில 40இல போய் அக்சலரேற்றரை முழுக்க அமத்துங்கோ. எஞ்சின் சுத்து ஏறி வேகம் ஏறாட்டி கிளச் முடிஞ்சுது. குளிரில ரெண்டாம் கியர் கரகரத்தால் சின்க்ரோ (கியர் பொருந்த வைக்கிற வளையம்) தேஞ்சிட்டுது. டயரின்ர உள்விளிம்பு மட்டும் தேஞ்சிருந்தால் ஸ்பிரிங் வெட்டியிருக்கு இல்லாட்டி எங்கயோ இடிச்சிருக்கு. டயர் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டால் 2019இன் 23ஆம் கிழமை. புகைக்குழாயில இருக்கிற கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரை உள்ள குடைஞ்சு எடுத்து வித்திருப்பினம், தட்டினால் வெத்துச் சத்தம் வரும், ஸ்கேனரில பி 0420 எண்ட பிழைக் கோட் காட்டும். புகை டெஸ்டில அம்பிடுவீங்கள்.

கிண்ணியா நானா
என்ட முடிவு: ஆள் கணக்குக்கு அலியன். ஆனா உக்கின அலியன விட நல்லா வச்சிரிந்த சுவிஃப்ட் மேல். பேரப் பார்க்காம அடியப் பாருங்க.

உப்புவெளிப் பெடியன்
எல்லாருக்கும் நன்றி. அம்மாவோட போனன். சுவிஃப்டில அம்மா ஏறினவ, இறங்கத்தான் கஷ்டம். அலியன் ஓட்டம் நல்லம், ஆனால் ஸ்பெயார் சில்லுக் குழியில தண்ணி. புரோக்கர் கார் கழுவினது எண்டுறார். அட்வான்ஸ் இன்னும் குடுக்கேல்ல.

கிண்ணியா நானா
கழுவினா குழிக்குள்ள தண்ணி வராது தம்பி. ஒராள் டோர்ச்சோட டிக்கிக்குள்ள இருக்கட்டும், பின்சீட்டை மடிச்சு காத்து வர விடுங்க. மற்றவர் வெளிய இருந்து முதல்ல பின்லைட் ஓரம், பிறகு டிக்கி இறப்பர் ஓரம், பிறகு பின் கண்ணாடி அடின்னு ஒவ்வொண்டா மெல்லமா தண்ணி ஊத்தணும். ஒரேயடியா ஊத்தினா எங்கால வருதுன்னு தெரியாது. பின்லைட் கேஸ்கட் எண்டா சின்ன வேல. பம்பருக்குப் பின்னால காத்துப் போற பிளாஸ்டிக் மூடி ஒண்டு இரிக்கும், அதையும் பாருங்க. தகடு ஒட்டின இடத்தால வந்தா, வேற சீலர் பூசியிரிந்தா, பின்னுக்கு அடி வாங்கின கார். அத விட்டுருங்க.